ரிவர்ஸ் கேமராவில் படம் வரவில்லையா? பிக்கப் வண்டியில் அறிகுறி பார்த்துப் பழுது நீக்கும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் வட்டாரத்தில் பிக்கப் ஓட்டுகிறவர்களுக்கு வண்டியைப் பின்னால் எடுப்பது நாள்தோறும் வரும் வேலை. செட்டிநாட்டு வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பவை. கல்யாணப் பாத்திரமானாலும் ஆத்தங்குடிக் கல்லானாலும் பெரும்பாலும் பின்வாசலில்தான் இறக்க வேண்டியிருக்கும். அங்கே வண்டியைத் திருப்ப இடம் இருக்காது. லோடு ஏற்றிய பிறகு உள்கண்ணாடியில் சரக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது. வண்டியின் பின்புறத்தை ஒட்டி ஒரு குழந்தை உட்கார்ந்திருந்தால் பக்கக் கண்ணாடிகளிலும் தெரியாது. பின்னால் நின்று ‘வரலாம், வரலாம்’ என்று குரல் கொடுக்க எப்போதும் ஆள் கிடைப்பதில்லை. கேமரா இல்லாமல் வந்த பொலேரோ பிக்கப், தோஸ்த், இன்ட்ரா போன்ற வண்டிகளுக்குத் தனியாக ஒரு கேமரா வாங்கிப் பொருத்துவது நல்ல செலவு என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆனால் பொருத்தியபின் படம் வராவிட்டால் கேமராவைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொண்டுபோய்ச் சண்டை போடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. புதுக் கேமரா வாங்கிப் போட்டும் அதே கோளாறு திரும்ப வருகிறது. காரணம், பழுது பெரும்பாலும் கேமராவில் இருப்பதில்லை. கேமராவுக்கும் திரைக்கும் நடுவே வண்டியின் அடியில் ஓடும் வயரில் இருக்கிறது; அதிலும் எர்த்தில், அதாவது மின்சாரம் வண்டியின் இரும்புச் சட்டம் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பில்தான் அதிகம். ஆகவே அளந்து பார்க்காமல் எந்தத் திருகையும் கழற்ற வேண்டாம். எந்த அறிகுறிக்கு எங்கே கை வைக்க வேண்டும் என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

கை வைக்குமுன்

மூன்று இணைப்புகளை மனத்தில் பிரித்து வைத்துக்கொள்ளுங்கள். முதலாவது, கேமராவுக்குப் போகும் 12 வோல்ட் மின்சாரம். இதை ரிவர்ஸ் விளக்கின் வயரிலிருந்து எடுப்பார்கள். இரண்டாவது, மஞ்சள் நிற ஆர்.சி.ஏ. முனை உள்ள வீடியோ வயர். மூன்றாவது, ரிவர்ஸ் கியர் விழுந்துவிட்டது என்று திரைக்குத் தகவல் சொல்லும் மெல்லிய வயர். திரைக்குப் பின்னால் வரும் வயர்க் கட்டில் இதன்மேல் ‘பேக்’ என்றோ ‘ரிவர்ஸ்’ என்றோ எழுதி ஒட்டியிருப்பார்கள். இந்த மூன்றில் எது அறுந்திருக்கிறது என்பதைத் திரையில் தெரியும் அறிகுறியே பாதி சொல்லிவிடும்.

ஒரு மல்டிமீட்டர், முனையில் 21 வாட் பல்பு கட்டிய ஒரு டெஸ்ட் லாம்ப், வண்டியின் நீளத்துக்கு ஒரு தனி வயர், உப்புத்தாள், இவை போதும். மல்டிமீட்டர் இருக்க டெஸ்ட் லாம்ப் எதற்கு என்று கேட்கலாம். மல்டிமீட்டர் மின்சாரத்தை இழுப்பதே இல்லை எனலாம். ஒற்றை இழையில் தொங்கும் துருப்பிடித்த வயரிலும் அது 12 வோல்ட் காட்டும். 21 வாட் பல்பு ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். இணைப்பு சொத்தையாக இருந்தால் பல்பு மங்கிக் காட்டிக்கொடுத்துவிடும். அதற்காக அதை வண்டியின் எல்லா வயரிலும் வைக்கக் கூடாது. பேட்டரி வயர், ரிவர்ஸ் விளக்கு வயர் போன்ற கனமான வயர்களில் மட்டும் வையுங்கள். திரையின் தகவல் வயரிலும் வண்டிக் கம்ப்யூட்டரின் வயர்களிலும் மல்டிமீட்டரைத் தவிர எதையும் வைக்காதீர்கள்.

ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கல் முட்டுக் கொடுங்கள். இன்ஜின் ஓட வேண்டாம். சாவியை ஆன் நிலையில் வைத்து ரிவர்ஸ் கியர் போட்டாலே பின்விளக்கு எரியும். அந்த நிலையில் வண்டி கியரில் நிற்கிறது என்பதை மறந்துவிட்டு யாராவது சாவியைத் திருகினால் வண்டி பின்னால் துள்ளும்; பின்னால் குனிந்து வேலை பார்ப்பவரின் கதி என்ன? சாவிக்குப் பக்கத்தில் வெளியாரை, குறிப்பாகப் பிள்ளைகளை, உட்கார வைக்காதீர்கள்.

ரிவர்ஸ் போட்டும் திரை மாறவே இல்லை. பாட்டு தொடர்ந்து ஓடுகிறது

இது மூன்றாவது வயரின் கோளாறு. முதலில் இறங்கிப் போய் ரிவர்ஸ் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரியவில்லை என்றால் கேமராவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பல்பு, ஃபியூஸ், கியர் பாக்ஸில் திருகியிருக்கும் ரிவர்ஸ் சுவிட்ச், இந்த வரிசையில் பாருங்கள். அந்தச் சுவிட்சின் சாக்கெட்டில் சேறு புகுவது சகஜம்.

விளக்கு எரிந்தால், திரைக்குப் பின்னால் உள்ள ‘ரிவர்ஸ்’ வயரில் மல்டிமீட்டரை வைத்து அளவு பாருங்கள். அங்கே பூஜ்யம் காட்டினால் தகவல் முன்னால் வந்து சேரவில்லை. பல கிட்டுகளில் வீடியோ வயரின் இரு முனைகளிலும் மெல்லிய சிவப்பு வயர் ஒன்று நீட்டிக்கொண்டிருக்கும். பின்முனையை ரிவர்ஸ் விளக்கின் பாசிட்டிவ் வயரிலும் முன்முனையை திரையின் ‘ரிவர்ஸ்’ வயரிலும் சேர்ப்பதற்காக வைத்த வயர் அது. அது என்ன என்று தெரியாமல் வெட்டி எறிந்துவிட்ட வண்டிகள் நிறைய. வெட்டியிருந்தால் தனி வயர் ஒன்றை இழுத்தால் போதும்.

12 வோல்ட் வந்தும் திரை மாறவில்லை என்றால் திரையின் அமைப்புகளுக்குள் போய் ரிவர்ஸ் கேமரா ஆன் நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மட்டுமே திரையைச் சந்தேகப்பட வேண்டும்.

திரை மாறுகிறது, ஆனால் கறுப்பாக இருக்கிறது அல்லது ‘சிக்னல் இல்லை’ என்கிறது

தகவல் வயர் நன்றாக இருக்கிறது. கேமராவுக்கு மின்சாரம் இல்லை, அல்லது வீடியோ வயர் அறுந்திருக்கிறது, அல்லது திரைக்கும் கேமராவுக்கும் மொழி ஒத்துவரவில்லை.

கேமராவுக்கு அருகிலுள்ள மின் இணைப்பில், கேமரா செருகியிருக்கும்போதே அளவு பாருங்கள். கழற்றிவிட்டு அளந்தால் மேலே சொன்ன அதே ஏமாற்றம்தான் கிடைக்கும். நல்ல நிலையிலுள்ள பேட்டரி ஓய்வில் ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். கேமராவின் முனையில் 11-க்கும் கீழே இறங்கினால் வழியில் எங்கோ இழப்பு இருக்கிறது. கண்ணில்படாமல் தப்பும் இடம் ஒன்று உண்டு: வயரை வெட்டி முறுக்கி மேலே டேப் சுற்றிய மூட்டு. செம்மண் புழுதியும் மழைத் தண்ணீரும் டேப்புக்குள் இறங்கினால் உள்ளே செம்பு பச்சை பூத்துவிடும். டேப்பை உரித்துப் பார்த்தால் பச்சைத் தூள் கொட்டும். அந்தப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, புதுச் செம்பு தெரியும்வரை தோலை உரித்து, சால்டர் வைத்து, சூட்டில் சுருங்கும் குழாய் போட்டு மூடுங்கள்.

மின்சாரம் சரியாக இருந்தால் அடுத்தது வீடியோ வயர். இரண்டு முனைகளையும் கழற்றிவிட்டு மல்டிமீட்டரை பீப் ஒலி நிலையில் வையுங்கள். ஒரு முனையின் நடு ஊசிக்கும் மறுமுனையின் நடு ஊசிக்கும் ஒலி வர வேண்டும். வெளி வளையத்துக்கும் வெளி வளையத்துக்கும் வர வேண்டும். நடு ஊசிக்கும் வெளி வளையத்துக்கும் வரவே கூடாது; வந்தால் வயர் எங்கோ நசுங்கி உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கிறது. டிரைவர் கேபினுக்குள் வயர் நுழையும் ஓட்டையிலும், கேபினுக்கும் லோடு பாடிக்கும் நடுவிலுள்ள இடைவெளியிலும் முதலில் தேடுங்கள். குண்டும் குழியுமான சாலையில் இவை இரண்டும் தனித்தனியே ஆடும். வயரில் தளர்வு விடாமல் இழுத்துக் கட்டியிருந்தால் அங்கேதான் அறும்.

நீளத்தையும் சொல்லிவிடுகிறேன். காருக்கு என்று விற்கும் கிட்டுகளில் பெரும்பாலும் 6 மீட்டர் வயர்தான் இருக்கும். நீளமான பாடி கொண்ட பிக்கப் வண்டியே 5 மீட்டரைத் தாண்டும். டேஷ்போர்டுக்குப் பின்னால் ஏறி இறங்கி, சேசிஸ் எனும் அடிச்சட்டத்தின் ஓரமாக ஓடி, பின்விளக்குவரை போக அது போதாது. இழுத்து மாட்டாமல் 10 மீட்டர் வயராகக் கேட்டு வாங்குங்கள்.

இதிலும் விடை கிடைக்காவிட்டால் கேமராவைக் கழற்றித் திரைக்குப் பக்கத்திலேயே கொண்டுவாருங்கள். சின்ன ஆர்.சி.ஏ. வயர் ஒன்றால் நேராகத் திரையில் செருகி, ஃபியூஸ் போட்ட 12 வோல்ட் கொடுங்கள். படம் வந்தால் கேமராவும் நல்லது, திரையும் நல்லது; குற்றவாளி நடுவிலுள்ள வயர். வராவிட்டால் வேறு ஒரு வண்டியின் திரையில் அதே கேமராவைச் செருகிப் பாருங்கள். புதுக் கேமரா வாங்கும் முடிவை இந்தச் சோதனைக்குப் பிறகுதான் எடுக்க வேண்டும்.

படம் உருள்கிறது, கறுப்பு வெள்ளையாக வருகிறது, பாதியில் வெட்டுப்படுகிறது

இது கேமரா அனுப்பும் வீடியோ வகையும் திரை ஏற்கும் வகையும் பொருந்தாததால் வருவது. பழைய முறைக் கேமராக்களில் பி.ஏ.எல்., என்.டி.எஸ்.சி. என்று இரண்டு வகை. புதியவற்றில் ஏ.எச்.டி. என்ற உயர்தர வகை வந்துவிட்டது. ஏ.எச்.டி. கேமராவைப் பழைய திரையில் செருகினால் கறுப்புத் திரையோ கோடுகளோதான் வரும். இரண்டிலும் அதே மஞ்சள் முனைதான் என்பதால் செருகிப் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாது. பெட்டியில் அச்சிட்டதைத்தான் நம்ப வேண்டும். திரையின் அமைப்பில் கேமரா வகையை மாற்றிப் பாருங்கள். மாற்ற வழியில்லாத திரையானால், அதற்கேற்ற கேமராவை மாற்றி வாங்குவதுதான் வழி. வயரை நோண்டிப் பயனில்லை.

பிரேக் மிதித்தால் படம் போகிறது, இண்டிகேட்டர் போட்டால் துடிக்கிறது

இந்த அறிகுறியைப் பார்த்ததும் வேறு எங்கும் தேட வேண்டாம். எர்த்.

பின்விளக்குகள் எல்லாம் ஒரே எர்த் வயரைப் பகிர்ந்துகொள்கின்றன. அந்த வயர் சேசிஸில் ஒரு போல்ட்டில் முடிகிறது. கேமராவின் கறுப்பு வயரையும் பொருத்துபவர் அதே இடத்தில் சேர்த்துவிடுகிறார். போல்ட்டுக்கு அடியில் துருப்பிடித்து ஒரு ஓம் அளவுக்குத் தடை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கேமரா மட்டும் ஓடும்போது தெரியாது. அது இழுப்பது ஒரு ஆம்பியரில் சிறு பங்குதான். பிரேக் மிதித்ததும் இரண்டு 21 வாட் பல்புகள் சேர்ந்து எரிய, அந்த ஒரு ஓமில் மட்டும் இரண்டு வோல்ட்டுக்கு மேல் விழுந்துவிடும். ரிவர்ஸ் விளக்கும் சேர்ந்தால் இன்னும் கூடும். கேமராவுக்குப் பசி எடுத்துவிடுகிறது, படம் போகிறது. காலை எடுத்ததும் திரும்பி வருகிறது.

இதை உறுதி செய்ய மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைத் தனி வயர் மூலம் பேட்டரியின் நெகட்டிவ் முனையிலேயே பிடியுங்கள். சிவப்பு முனையைப் பின்விளக்கின் எர்த் வயரில் வையுங்கள். ரிவர்ஸ், பிரேக், பார்க்கிங் விளக்கு எல்லாவற்றையும் போடுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் எர்த் நன்றாக இருக்கிறது. அரை வோல்ட்டைத் தாண்டினால் போல்ட்டைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றும்போது கவனமாகப் பாருங்கள். மேலே வாசர் மினுமினுப்பாக இருக்கும். எடுத்துவிட்டால் அடியில் வயரின் வளையம் காவி நிறத்தில் செதில் செதிலாக உதிரும். அது உட்கார்ந்த இடத்தில் பெயிண்ட் அப்படியே இருக்கும். பெயிண்ட்டின் மேலேயே போல்ட்டை முறுக்கியிருக்கிறார்கள். போல்ட்டின் புரி வழியாக மட்டுமே மின்சாரம் ஓடியிருக்கிறது. உப்புத்தாளால் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, புது வளையம் அழுத்திப் பொருத்தி, பல் வைத்த வாசர் போட்டு முறுக்குங்கள். முறுக்கிய பிறகு மேலே பெட்ரோலியம் ஜெல்லியோ கிரீஸோ பூசுங்கள்.

லோடு பாடியின் தகட்டில் எர்த் எடுக்கவே கூடாது என்று நான் வற்புறுத்துவேன். பல வண்டிகளில் பாடி, சேசிஸின் மேல் கட்டையோ ரப்பரோ வைத்து உட்கார்ந்திருக்கும். நடுவில் பெயிண்ட்டும் இருக்கும். பாடியும் இரும்பு, சேசிஸும் இரும்பு என்றாலும் இரண்டுக்கும் நல்ல மின் தொடர்பு இருக்கும் என்று நம்ப முடியாது. எர்த் எப்போதும் சேசிஸில்.

தொண்டிப் பக்கமிருந்து மீன் ஏற்றி வரும் வண்டிகளில் இந்த வேலை அடிக்கடி வரும். ஐஸ் உருகி உப்புத் தண்ணீர் பின்பக்கம் சொட்டிக்கொண்டே வருவதால் மற்ற வண்டிகளில் வருடக்கணக்கில் நிற்கும் எர்த் இங்கே சீக்கிரமே போய்விடும். உலோகம் ஏன் அரிக்கிறது என்பதை ஆராய்வதற்கென்றே ஒரு பெரிய பிரிவை வைத்திருக்கும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் 1953 முதல் நம் காரைக்குடியிலேயே இருக்கிறது. உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும். இருவேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருக்கும் இடத்தில் அது தேங்கினால் ஒன்று மற்றொன்றுக்கு இரையாகும். வயரின் செம்பும் சேசிஸின் இரும்பும் சேரும் எர்த் போல்ட்டில் நடப்பது இதுவே. மீன் வண்டி வைத்திருப்பவர்கள் லோடு இறக்கியதும் பின்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவிவிடுங்கள். மழைக்காலம் தொடங்குமுன் எர்த் போல்ட்டை ஒருமுறை திறந்து பாருங்கள்.

எர்த் கெட்டுப்போனால் இன்னொரு ஆபத்தும் உண்டு. போல்ட் வழி அடைபட்ட மின்சாரம் வேறு வழி தேடும். கேமராவின் கறுப்பு வயர், வீடியோ வயரின் வெளிச்சுற்று, திரை, டேஷ்போர்டு எர்த் என்று சுற்றிக்கொண்டு பேட்டரிக்குப் போகும். பல்புகளின் மின்னோட்டம் முழுவதையும் தாங்க அந்த மெல்லிய வயர் செய்யப்படவில்லை. வீடியோ வயரைத் தொட்டால் சூடாக இருக்கிறது என்றால் உடனே கழற்றிவிட்டு எர்த்தைச் சரிசெய்யுங்கள்.

இன்ஜினை ஸ்டார்ட் செய்தால் கோடுகள் ஓடுகின்றன

இன்ஜின் நின்றிருக்கும்போது தெளிவான படம், ஓடினால் படுக்கைக் கோடுகள், ஆக்சிலரேட்டர் கொடுத்தால் கோடுகளும் வேகமெடுக்கின்றன என்றால் அது ஆல்டர்னேட்டரின் (இன்ஜின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கும் கருவியின்) இரைச்சல். மேலே சொன்ன எர்த் வேலையைச் செய்தாலே பல வண்டிகளில் இது போய்விடும். போகாவிட்டால் கேமராவுக்கு வண்டியின் பின்பக்கத்தில் எர்த் கொடுக்காமல், திரையின் எர்த் இருக்கும் இடத்திலிருந்தே தனிக் கறுப்பு வயர் இழுத்துக் கொடுங்கள். திரைக்கு ஓரிடம், கேமராவுக்கு வேறோரிடம் என்று எர்த் எடுத்தால் இரண்டுக்கும் நடுவிலுள்ள சிறு வித்தியாசம் வீடியோ வயர் வழியே ஓடிப் படத்தில் கோடாகத் தெரியும்.

வீடியோ வயரை வண்டியின் மெயின் வயர்க் கட்டோடு சேர்த்துக் கட்டியிருந்தால் பிரித்து, சேசிஸின் மறுபக்கமாகக் கொண்டுபோங்கள். சைலன்சருக்கு அருகே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்தச் சோதனைக்கு மட்டும் இன்ஜின் ஓட வேண்டும். ஓட்டுநர் இருக்கையில் பழகியவர் கிளட்சும் பிரேக்கும் மிதித்தபடி இருக்கட்டும். வண்டிக்குப் பின்னால் ஒருவரும் நிற்கக் கூடாது.

படம் சீராக விட்டுவிட்டு வருகிறது

பிரேக் மிதிக்காமலே, நொடிக்குப் பலமுறை துடிப்பதுபோல வந்தால் வண்டியின் கம்ப்யூட்டர் விளக்குகளை விட்டுவிட்டு எரிய வைக்கிறது என்று பொருள். சில புதிய வண்டிகளில் விளக்குக்குப் போகும் மின்சாரம் இப்படித் துண்டு துண்டாகவே போகும். பல்பின் சூட்டில் அது கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும்.

தீர்வு, ஒரு 12 வோல்ட் ரிலே, அதாவது ஒரு வயரில் வரும் மின்சாரத்தால் இன்னொரு மின்வழியைத் திறந்து மூடும் சுவிட்ச். 86-ஆம் எண் முனையில் ரிவர்ஸ் விளக்கின் வயர், 85-இல் எர்த், 30-இல் சாவி ஆன் ஆனால் மட்டும் வரும் 12 வோல்ட், 87-லிருந்து கேமரா. 30-க்கு வரும் வயரில் 2 ஆம்பியர் ஃபியூஸ் கட்டாயம். ரிலேயே துடித்துக் கடகடவென்று ஒலித்தால் அதன் முன் டயோடும் கெப்பாசிட்டரும் சேர்ந்த வடிகட்டி வேண்டும். அந்த வேலை தெரிந்த ஆட்டோ எலக்ட்ரீசியன் கையில் விடுங்கள். விளக்கில் கூடுதல் சுமை ஏறினால் பல்பு பழுது என்று எச்சரிக்கை விளக்குப் போடும் வண்டிகளும் உண்டு. அவற்றில் ஊகித்து வயர் வெட்டக் கூடாது. வாரண்டி உள்ள வண்டியானால் வெட்டுமுன் டீலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

இடம் வலமாகத் தெரிகிறது, தலைகீழாகத் தெரிகிறது

வண்டியின் இடப்பக்கம் பின்னால் ஒரு சிவப்புத் துணியைப் போடுங்கள். திரையிலும் இடப்பக்கமே தெரிய வேண்டும்; உள்கண்ணாடி காட்டுவதும் அப்படித்தான். மாறித் தெரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள். பழகிய கை தன்னறியாமல் தவறான பக்கம் ஸ்டீரிங்கைத் திருப்பிவிடும்.

பல கேமராக்களின் வயரில் பச்சையாக ஒன்றும் வெள்ளையாகவோ நீலமாகவோ ஒன்றும் இரண்டு சிறிய வளையங்கள் இருக்கும். ஒன்றை வெட்டினால் படம் இடவலம் மாறும், மற்றதை வெட்டினால் வழிகாட்டிக் கோடுகள் மறையும். எந்த நிறம் எதற்கு என்பது கிட்டுக்குக் கிட்டு மாறுவதால் கூட வரும் தாளைப் படித்த பிறகே கத்தரியை எடுங்கள். முதலில் திரையின் அமைப்பில் மாற்ற முடிகிறதா என்று பார்ப்பது நல்லது. வெட்டினால் முனைகளைத் தனித்தனியே மூடி வையுங்கள். தலைகீழாக வந்தால் பெரும்பாலும் கேமராவையே புரட்டி மாட்டியிருப்பார்கள்.

கோடுகள் காட்டும் தூரமும் உண்மைத் தூரமும் ஒத்துவரவில்லை

அந்தக் கோடுகள் ஏதோ ஒரு காரின் உயரத்தைக் கணக்கில் வைத்துப் போட்டவை. பிக்கப்பில் அவற்றை அப்படியே நம்பக் கூடாது. வண்டியை வெறும் வாசலில் நிறுத்தி, பின் பம்பரிலிருந்து அரை மீட்டர், ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் தள்ளி மூன்று கோடுகளைக் கோலமாவால் போடுங்கள். வண்டியின் இரு ஓரங்களுக்கு நேராகவும் பின்னோக்கி இரண்டு கோடுகள் இழுங்கள். திரையில் சிவப்புக் கோடு அரை மீட்டர்க் கோட்டின் மேல் விழும்வரை கேமராவின் சாய்வை மாற்றுங்கள். பம்பரின் விளிம்பு திரையின் அடியில் ஒரு கீற்றாகத் தெரிவது அவசியம். எது வண்டி, எது தரை என்று கண் அதை வைத்துத்தான் கணக்குப் போடும். லோடு ஏற்றியதும் பின்பக்கம் தாழும், கணக்கு சற்று மாறும். வெறும் வண்டியில் ஒருமுறை, லோடோடு ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

கேமராவைப் பின் கதவில் மாட்டினால் கதவை இறக்கியதும் அது தரையைப் பார்க்கும் அல்லது வண்டிக்கு அடியைப் பார்க்கும். கதவு திறந்தபடியே வண்டியை ஒதுக்கும் வேலை நமக்கு அடிக்கடி வரும். ஆகவே சேசிஸின் பின் குறுக்குச் சட்டத்திலோ பம்பரிலோ மாட்டுங்கள். நம்பர் பிளேட்டின் திருகில் மாட்டும் கேமராக்களை நான் சிபாரிசு செய்வதில்லை. உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட்டின் பூட்டு, ஒருமுறை கழற்றினால் திரும்பப் போட முடியாத வகை. எண்ணின் எந்தப் பகுதியையும் கேமரா மறைக்கவும் கூடாது.

பழைய வீட்டுத் தேக்குத் தூணோ கதவு நிலையோ பாடிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் கோடுகளைப் பார்க்கவே வேண்டாம். கோடு அளப்பது பம்பரிலிருந்து. சுவரில் முதலில் முட்டுவது தூணின் நுனி. அப்போது பின்னால் ஓர் ஆள் நின்றே தீர வேண்டும்.

மழைக்குப் பிறகு மங்கல், இரவில் ஒன்றும் தெரியவில்லை

லென்சின் வெளியே என்றால் ஈரத்துணியால் முதலில் மண்ணை ஒற்றி எடுத்து, பிறகு துடையுங்கள். செம்மண்ணோடு காய்ந்த துணியால் தேய்த்தால் கீறல் விழும். கீறிய லென்சில் எதிர் வெளிச்சம் பட்டால் படமே வெளுத்துவிடும். மங்கல் கண்ணாடிக்கு உள்ளே என்றால் தண்ணீர் புகுந்துவிட்டது. வெயிலில் காயவைத்தால் சில நாள் தெளியும், பிறகு திரும்ப வரும். கேமராவை மாற்றுவதே சரி.

ஐ.பி. 67 என்று போட்டிருப்பது ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதற்கான குறி. சர்வீஸ் நிலையத்தில் அழுத்தத்தோடு பீய்ச்சும் தண்ணீருக்கு அந்தக் குறி பொருந்தாது. கழுவும்போது கேமராவின் மேல் நேராகப் பீய்ச்ச வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கேமராவுக்கு அந்தப் பாதுகாப்பு இருந்தாலும் அதன் வாலிலுள்ள செருகு இணைப்புக்குப் பெரும்பாலும் இருக்காது. இணைப்பைப் பின்விளக்குக் கூட்டுக்குள்ளோ சேசிஸின் உள்பக்கமோ வைத்து, அதற்குச் சற்று முன் வயரைக் கீழே தொங்கும்படி ஒரு வளைவு விடுங்கள். வயர் வழியே வழிந்து வரும் தண்ணீர் வளைவின் அடியில் சொட்டிவிடும், இணைப்புக்கு ஏறாது.

இரவில் படம் இருண்டிருந்தால் ரிவர்ஸ் விளக்கின் மூடியைக் கழுவுங்கள். பிக்கப்பில் அது இருக்கும் உயரத்துக்குச் சேறு படியாமல் இருக்காது. பல வண்டிகளில் ரிவர்ஸ் விளக்கு ஒரே பக்கம்தான்; மறுபக்கம் இருண்டுதான் தெரியும்.

நிறுத்தினால் சரி, ஓடினால் போகிறது

ரிவர்ஸ் போட்டு வைத்துக்கொண்டு, ஒருவர் திரையைப் பார்க்க, மற்றவர் பின்னாலிருந்து முன்னால்வரை வயரைச் சாண் சாணாகப் பிடித்து மெல்ல அசைத்து வரட்டும். படம் துள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். செருகு தளர்ந்திருந்தால் சுருங்கும் குழாய் போட்டு இறுக்குங்கள். சேசிஸின் விளிம்பில் உராய்ந்திருந்தால் நெளிகுழாய்க்குள் விட்டுக் கட்டுங்கள். தகட்டில் ஓட்டை வழியாகப் போகும் இடங்களில் ரப்பர் வளையம் இல்லாமல் வயரை விடவே கூடாது.

வயர்லெஸ் கேமராவில் படம் அறுந்து அறுந்து வருகிறது

இவை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்குபவை; வைஃபையும் புளூடூத்தும் அதே இடத்தில்தான் கூடுகின்றன. நடுவே இரும்பு பாடி, அதன்மேல் இரும்புச் சரக்கு. ஏரியலைப் பாடிக்குக் கீழே திறந்த பக்கம் மாட்டிப் பாருங்கள். சரியாகாவிட்டால் வயர் வைத்த கேமராவுக்கு மாறிவிடுங்கள். வயர்லெஸ் என்றாலும் கேமராவுக்கு மின்சாரமும் எர்த்தும் வேண்டும் என்பதால் மேலே சொன்ன பாதிப் பழுதுகள் இதிலும் வரும்.

ஃபியூஸ் போகிறது, அல்லது காலையில் பேட்டரி இறங்கியிருக்கிறது

ஃபியூஸ் போனால் அதைவிடப் பெரிய ஃபியூஸ் போடாதீர்கள், வயர் எரியும். கேமராவின் மின் இணைப்பை மட்டும் கழற்றிவிட்டு அதே அளவு ஃபியூஸ் போட்டு ரிவர்ஸ் போடுங்கள். நின்றால் கேமரா பக்கம் பழுது. மறுபடி போனால் வயர் எங்கோ சேசிஸைத் தொட்டுக்கொண்டிருக்கிறது. புதிதாகப் போட்ட திருகு ஏதாவது வயரைத் துளைத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

பேட்டரி இறங்கினால், சாவியை எடுத்த பிறகு கேமராவைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு இருந்தால் அதற்கு எந்நேரமும் மின்சாரம் போய்க்கொண்டிருக்கிறது. சாவி இல்லாமலும் மின்சாரம் வரும் வயரில் சேர்த்திருப்பார்கள். அதைப் பிரித்து ரிவர்ஸ் விளக்கின் வயருக்கோ, ரிலேயின் 87-ஆம் முனைக்கோ மாற்றிக் கொடுங்கள்.